இருட்டறை இல்லாத வீட்டில் போட்டோ பேப்பர் கழுவுவது: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வாடகை வீடு எங்களுடையது. அதில் டார்க் ரூம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒன்பது வருஷமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் குளியலறையைச் சாத்திக்கொண்டு கறுப்பு வெள்ளைப் படம் போட்டு வருகிறேன். வீட்டுச் சுவரில் படங்களைப் பார்ப்பவர்கள், ஏற்காட்டில் என் அக்கா வீட்டுக்குப் போகும்போது அங்கே பிடித்துக்கொள்பவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கான பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில் இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

டார்க் ரூம் இல்லாமல் நிஜமாகவே முடியுமா?

முடியும். பலரும் பிலிமையும் பேப்பரையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறார்கள். இன்று கிடைக்கும் கறுப்பு வெள்ளை பிலிமில் பெரும்பாலானவற்றுக்கு எல்லா நிறமும் தெரியும், அதனால் அதை டேங்கில், அதாவது வெளிச்சம் புகாத கழுவும் டப்பாவில், ஏற்றும்வரை கும்மிருட்டு வேண்டும். கறுப்பு வெள்ளைப் பேப்பருக்கு நீலமும் பச்சையும்தான் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணால் பார்த்தபடியே வேலை செய்யலாம். வெளி வெளிச்சம் வராத ஒரு மூலை, ஒரு சிவப்பு விளக்கு, மூன்று தட்டு, தண்ணீர். இவ்வளவுதான் அடிப்படைத் தேவை.

கலர் பேப்பரைப் பற்றிக் கேட்டால், அது வேறு கதை. அதற்கு மூன்று நிறமும் தெரியும், முழு இருட்டில் தடவித் தடவித்தான் செய்ய வேண்டும். முதலில் கறுப்பு வெள்ளையில் கை பழகட்டும்.

எந்த அறை நல்லது?

குளியலறை. தண்ணீர் இருக்கிறது, தரை நனைந்தால் பரவாயில்லை, ஜன்னல் என்று பார்த்தால் மேலே ஒரு வென்டிலேட்டர்தான். அந்த வென்டிலேட்டரைச் சமையலறை அலுமினியத் தாளால் மூடி, ஓரமெல்லாம் கறுப்பு டேப் ஒட்டுங்கள். துணி மட்டும் போட்டால் நெசவு வழியாக வெளிச்சம் கசியும். கதவுக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வையுங்கள். ராத்திரியில் செய்தால் பாதி வேலை தானாகவே முடிந்துவிடுகிறது. தெருவிளக்கு நேராக அடிக்கும் வீடாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

மூடியாயிற்று என்று நினைத்ததும் பேப்பரை எடுத்துவிடாதீர்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. ஐந்தாவது நிமிடத்தில் கதவுக் கீல் பக்கம் ஒரு கோடு தெரியும். எட்டாவது நிமிடத்தில் கீசரின் சின்ன விளக்கு ஒரு நிலா மாதிரி தெரியும். வாஷிங் மெஷின் முகப்பு, கொசு மருந்து மெஷினின் புள்ளி விளக்கு, கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச், எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். ஒவ்வொன்றாக அணையுங்கள் அல்லது டேப் ஒட்டுங்கள். போன் வெளியே இருக்கட்டும்.

இன்னொன்று. நம் ஊர் வீடுகளில் பாதிக்குமேல் குளியலறை ஸ்விட்ச் வெளியேதான் இருக்கும். உள்ளே பேப்பர் திறந்திருக்கும் நேரம் பார்த்து யாராவது நல்ல எண்ணத்தில் லைட்டைப் போட்டுவிடுவார்கள். ஸ்விட்சின் மேலே டேப் ஒட்டிவிட்டுத்தான் நான் கதவைச் சாத்துவேன். கரண்ட் போகும்போதும் இதே ஆபத்து உண்டு: இருட்டில் எது ஆன், எது ஆஃப் என்று தெரியாமல் தட்டி வைத்தால், கரண்ட் வந்ததும் டியூப் லைட் எரியும், ஒரு பாக்கெட் பேப்பர் போய்விடும்.

சாமி படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு போதுமா?

பெரும்பாலும் போதாது. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தாலும் அந்தச் சாயம் வழியாக வேறு நிறமும் கொஞ்சம் கசியும், பேப்பர் அதைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பு எல்இடி இதற்கு நல்லது, ஏனென்றால் அது பிறக்கும்போதே சிவப்பு. பைக்கின் பின்விளக்காக விற்கும் சிவப்பு எல்இடியை நான் சுவரைப் பார்த்துத் திருப்பி, பேப்பரிலிருந்து நான்கடி தள்ளி வைத்திருக்கிறேன். வெள்ளை எல்இடிக்கு மேல் சிவப்பு மூடி போட்ட பின்விளக்கும் விற்கிறார்கள், அது வேண்டாம்.

எதை வாங்கினாலும் காசு சோதனை செய்யாமல் நம்பாதீர்கள். ஒரு சின்னத் துண்டு பேப்பருக்கு முதலில் வெள்ளை வெளிச்சத்தை லேசாக மட்டும் காட்டுங்கள், கழுவினால் மிக வெளிறிய சாம்பல் வரும் அளவுக்கு. அதன்மேல் ஒரு ரூபாய் காசு வைத்து, சிவப்பு விளக்கில் ஐந்து நிமிடம் விட்டு, கழுவிப் பாருங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை அல்லது மிகக் கிட்டே இருக்கிறது. அந்த முதல் சாம்பல் முக்கியம். வெளிச்சமே படாத வெள்ளைப் பேப்பரில் சோதித்தால், கொஞ்சமாகக் கசியும் விளக்குகூடத் தேறிவிடும். அப்புறம் படத்தில் வெளிச்சப் பகுதி எல்லாம் மங்கிப்போய் ஏன் என்று புரியாமல் தவிப்பீர்கள்.

தட்டு, பாத்திரம்?

மூன்று பிளாஸ்டிக் டிரே, பேப்பரைவிட நான்கு பக்கமும் இரண்டு விரல் அதிகமாக. மூன்றுக்கும் மூன்று நிறம் வாங்கினால் சிவப்பு வெளிச்சத்தில் பிரித்தறிய முடியாது. அதனால் மார்க்கரில் பெரிதாக எழுதிவிடுங்கள்: டெவலப்பர், ஸ்டாப், ஹைப்போ. முதலாவது படத்தை வரவைக்கும், இரண்டாவது அதை நிறுத்தும், மூன்றாவது படத்தை நிலைக்க வைக்கும். டெவலப்பருக்கு எவர்சில்வர் தாம்பாளம் நன்றாக உழைக்கும், எவர்சில்வருக்குப் பேர்போன ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அலுமினியம், இரும்பு, பித்தளை எதுவும் கூடாது. ஹைப்போவுக்குப் பிளாஸ்டிக்தான். ஒருமுறை இதற்கு எடுத்த பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது, எவ்வளவு தேய்த்தாலும் கூடாது.

இரண்டு இடுக்கி வேண்டும், டெவலப்பருக்கு ஒன்று, மற்ற இரண்டுக்கும் ஒன்று. ஹைப்போ தொட்ட இடுக்கி டெவலப்பருக்குள் போனால் கறை வரும்.

மருந்துகள் என்னென்ன? எங்கே கிடைக்கும்?

டெவலப்பர், ஸ்டாப், பிக்ஸர் (ஹைப்போ) என்று மூன்று. ரெடிமேடாக வாங்குவதென்றால் சென்னை, பெங்களூரிலிருந்து ஆன்லைனில் வரவழைக்கலாம். இல்லையென்றால் பள்ளி, கல்லூரி லேபுகளுக்குச் சப்ளை செய்யும் கெமிக்கல் கடைகளில் தனித்தனியாக வாங்கிக் கலக்கலாம்.

ஸ்டாப் பாத்துக்கு லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும். கடையில் விற்கும் வெள்ளை வினிகர் இருந்தால் ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர்.

ஹைப்போ விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்றால் அது சோடியம் தயோசல்பேட், கற்கண்டு மாதிரி தெளிவான படிகம். ஆனால் சாயப்பட்டறைப் பக்கமும் துப்புரவுச் சாமான் விற்கும் கடைகளிலும் ஹைப்போ என்று கேட்டால் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் வழக்கில் அதுதான் ஹைப்போ. எனக்கு அப்படி நடந்தது. வாசனையைக் கவனிக்காமல் டிரேயில் ஊற்றினேன். நன்றாக வந்த ஒரு படத்தை உள்ளே விட்டதும் கறுப்பெல்லாம் பழுப்பாகி, பேப்பரின் மேல்தோல் வழவழவென்று கழன்று, என் பாட்டியின் முகம் கஞ்சி ஆடை மாதிரி மடிந்து தண்ணீரில் மிதந்தது. படம் போனது ஒரு பக்கம், அந்தத் திரவமும் ஸ்டாப் பாத்தின் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே கடையில் முழுப் பெயரையும் சொல்லுங்கள்: சோடியம் தயோசல்பேட், படிகம். மீன் தொட்டிக் கடைகளில் குளோரின் எடுக்கும் மருந்தாக விற்கும் படிகமும் இதேதான்.

லிட்டருக்கு 250 கிராம் போடுங்கள். வெந்நீரில் கலக்குங்கள், ஏனென்றால் கரையும்போது அது சூட்டை இழுத்துக்கொள்ளும். கையில் பிடித்திருக்கும் பாத்திரம் சில நொடியில் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று ஆவதை உணரலாம். கூடவே 15 கிராம் சோடியம் சல்ஃபைட் சேர்த்தால், ஸ்டாப் பாத்திலிருந்து ஒட்டிவரும் அமிலத்தால் ஹைப்போ கெடாது. ஹைப்போ பால்போல வெளுத்தால் கந்தகம் பிரிந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குமேல் அதை வைத்து வேலை இல்லை.

ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இலேயே எழுதிவிட்டார். போட்டோ என்ற ஒன்று ஊருக்குத் தெரிய வந்தது 1839இல். இருபது வருஷம் மருந்து காத்திருந்தது.

டெவலப்பரை நானே கலக்க முடியுமா?

தாராளமாக. கோடாக்கின் டி-72 என்ற பழைய முறை இது. 50 டிகிரி சூட்டில் 500 மில்லி தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் 3 கிராம் மெட்டால். அது முழுக்கக் கரைந்த பிறகு 45 கிராம் சோடியம் சல்ஃபைட், 12 கிராம் ஹைட்ரோகுயினோன், 67.5 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட், கடைசியாக 2 கிராம் பொட்டாசியம் புரோமைடு. மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள், சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரைய மறுக்கும். இதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து உபயோகிக்க வேண்டும்.

3 கிராமை எப்படி நிறுப்பது என்று கேட்பார்கள். வெள்ளிப் பட்டறைகளில் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். வாங்கும்போது சல்ஃபைட், சல்பேட், சல்ஃபைடு மூன்றும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். கடைக்காரர் அவசரத்தில் மாற்றி எடுப்பார், லேபிளைப் படியுங்கள். சல்ஃபைடு அமிலத்தோடு சேர்ந்தால் விஷ வாயு.

மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும். இன்று வராவிட்டாலும் பல வருஷம் வெறுங்கையால் தொட்ட பிறகு வரலாம், வந்தால் அப்புறம் போகாது. கையுறை போடுங்கள்.

காபித்தூளில் கழுவலாம் என்கிறார்களே? ஏற்காட்டுக் காபி ஆகுமா?

ஆகும் என்பது உண்மைதான். 1995இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் செய்து காட்டியது, காஃபெனால் என்று பெயர். காபியில் இருக்கும் கஃபேயிக் அமில வகைதான் வேலை செய்கிறது, காஃபீன் இல்லை. லிட்டருக்கு 40 கிராம் இன்ஸ்டன்ட் காபி, 54 கிராம் நீரற்ற சலவை சோடா (சோடியம் கார்பனேட்), 16 கிராம் வைட்டமின் சி பவுடர். ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டு படமே வரவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அது வேறு, சலவை சோடா வேறு. கையில் ஆப்ப சோடாதான் இருக்கிறது என்றால் அதை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்தால் சலவை சோடாவாக மாறும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820 வாக்கில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மூலம். இன்றும் அங்கே அதிகம் விளைவது அராபிகா. குடிப்பதற்கு அது உயர்ந்தது, ஆனால் கழுவுவதற்கு ரோபஸ்டா கலந்த மலிவான இன்ஸ்டன்ட் தூள்தான் வேகம். அக்கா வீட்டு டிகாக்ஷனில் ஒருமுறை முயன்றேன், வந்தது, ஆனால் இருபது நிமிடம் ஆனது, அதுவும் வெளிறிப்போய். சிக்கரி கலக்காத பாக்கெட்டாகப் பாருங்கள். படத்தின் வெள்ளையில் லேசாகக் காபிக்கறை ஏறும். பழைய வீடு, பெரியவர்கள் முகம் இவற்றுக்கு அது அழகாகவே இருக்கிறது. பளிச்சென்ற வெள்ளை வேண்டும் என்றால் டி-72தான்.

மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறார்களே, சேலம் வெயிலில் அதற்கு எங்கே போவது?

சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீர் ராத்திரி பத்து மணிக்கும் வெதுவெதுப்பாகத்தான் வரும். அந்தச் சூட்டில் டெவலப்பர் பாய்ந்து வேலை செய்யும், வெள்ளைப் பகுதி சாம்பலாகும், பேப்பரின் மேல்தோல் இளகி நகம் பட்டால் கீறும். நான் செய்வது இதுதான்: மருந்து கலக்கும் தண்ணீரை சாயங்காலமே மண்பானையில் ஊற்றி வைப்பேன். நல்ல பானை, ஜன்னலோரம் காற்றோட்டமாக இருந்தால் அதுவே பல டிகிரி இறக்கிவிடும். அப்புறம் டெவலப்பர் தாம்பாளத்தை ஒரு அகலமான டப்பில் குளிர்ந்த தண்ணீருக்குள் வைத்து, ஐஸ் கட்டியை பாலிதீன் பையில் கட்டி டப்பில் போடுவேன். எவர்சில்வரில் குளிர்ச்சி சட்டென்று ஏறும். ஐஸை நேராக மருந்துக்குள் போட்டால் மருந்து நீர்த்துவிடும்.

24, 25 டிகிரி வரை கவலை வேண்டாம், நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சரியாக வரும். மூன்று தட்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம். மார்கழியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, தொடங்குவதற்கு அதுவே நல்ல காலம்.

என்லார்ஜர் இல்லை. எப்படிப் படம் போடுவது?

நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவிதான் என்லார்ஜர். அது இல்லாமலே மூன்று வழி உண்டு.

முதல் வழி, பேப்பர்மேல் நேராகப் பொருளை வைத்து வெளிச்சம் காட்டுவது. காபி இலை, சில்வர் ஓக் இலை, கொலுசு, எதுவானாலும். கொலுசை வைத்தால் ஒவ்வொரு கண்ணியும் வெள்ளையாக, சுற்றிலும் கறுப்பாக வரும். குழந்தைகளுக்கு முதலில் இதைத்தான் காட்ட வேண்டும்.

இரண்டாவது, நெகட்டிவைப் பேப்பரோடு ஒட்டிவைத்து மேலே கண்ணாடி வைத்து எடுப்பது. பழைய 120 நெகட்டிவ் (அகலமான பிலிம்) வீட்டில் இருந்தால் பொக்கிஷம், அதன் அளவிலேயே பார்க்கும்படியான படம் கிடைக்கும். இல்லையென்றால் போனில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நெகட்டிவாகத் திருப்பி, ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட் என்ற கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தாளில் பிரிண்ட் எடுத்து அதையே நெகட்டிவாக வைக்கலாம்.

வெளிச்சத்துக்கு ஒரு மீட்டர் மேலே வெள்ளை ஜீரோ வாட் பல்பு. எத்தனை நொடி என்று யாராலும் சொல்ல முடியாது, சோதனைக் கீற்றுதான் சொல்லும். பேப்பரில் இரண்டு விரல் அகலக் கீற்று ஒன்றை வெட்டி, அட்டையால் மூடி, மூன்று நொடிக்கு ஒருமுறை அட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். கழுவினால் படிப்படியாகக் கறுப்பு ஏறிய பட்டைகள் தெரியும், சரியானதைத் தேர்ந்தெடுங்கள். பேப்பரை மிச்சம் பிடிக்க நினைத்து இந்தக் கீற்றை விட்டுவிடுபவர்கள்தான் அதிகப் பேப்பரை வீணாக்குகிறார்கள்.

பேப்பரை டெவலப்பரில் ஒரே வீச்சில் முழுக்க அமிழ்த்துங்கள். டிரேயின் ஒரு மூலையை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பத்துப் பன்னிரண்டு நொடி வெறும் வெள்ளை. பாட்டியின் அந்த நெகட்டிவை மறுபடி போட்டபோது முதலில் வந்தது கொண்டையின் கறுப்பு. அடுத்து கண் இரண்டும், பின்னால் கதவின் நிழலும். முகம் அப்புறம்தான் வந்தது. மூக்குத்தி கடைசிவரை வெறும் பேப்பர் வெள்ளையாகவே நின்றது. ஒன்றரை நிமிடம் முழுசாக விடுங்கள். கறுப்பு வேகமாக ஏறுகிறதே என்று பயந்து பாதியில் எடுத்தால் திட்டுத் திட்டாக இருக்கும். அப்படி ஏறினால் அடுத்த முறை வெளிச்சத்தைக் குறையுங்கள், டெவலப்பர் நேரத்தைத் தொடாதீர்கள்.

பிறகு சொட்ட விட்டு ஸ்டாப்பில் பத்துப் பதினைந்து நொடி, ஒரு அலசல், ஹைப்போவில் ஐந்து நிமிடம். பிளாஸ்டிக் பூச்சில்லாத பழைய முறை பைபர் பேப்பர் என்றால் டெவலப்பரில் இரண்டு நிமிடம், ஹைப்போவில் பத்து. ஹைப்போவில் இரண்டு நிமிடம் ஆன பிறகு, பேப்பர் பாக்கெட் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வெள்ளை லைட் போடலாம்.

மூன்றாவது வழி ஊசித்துளை கேமரா. பால் பவுடர் டப்பாவின் உள்ளே கறுப்பு அடித்து, கூல்டிரிங்ஸ் கேனிலிருந்து வெட்டிய சிறு தகட்டில் மெல்லிய ஊசியால் துளையிட்டு ஒட்டுங்கள். துளைக்கும் பேப்பருக்கும் 10 சென்டிமீட்டர் தூரம் என்றால் துளை 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். சேலம் உச்சிவெயிலில் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் திறந்து வைத்தால் போதும். ஏற்காடு ஏரிக்கரையில் மூடுபனி இறங்கியிருந்தால் நாலைந்து நிமிடமும் அதற்கு மேலும் ஆகும், அதற்குள் பனியே நகர்ந்துவிடும், படத்தில் மரங்கள் பாதி கரைந்து நிற்கும். எனக்கு அந்தப் படங்கள்மேல் தனிப் பிரியம்.

குளியலறையில் மூன்று தட்டு வைக்க இடமே இல்லை.

ஒரே தட்டு போதும். பேப்பரை அதிலேயே வைத்து, டெவலப்பரை ஊற்றி, நேரம் முடிந்ததும் ஜாடிக்குத் திருப்பி ஊற்றி, ஸ்டாப் ஊற்றி, கொட்டி, அலசி, ஹைப்போ ஊற்றுங்கள். அடுத்த படத்துக்கு முன் தட்டை நன்றாகக் கழுவ வேண்டும். மெதுவாகத்தான் போகும், ஒரு ராத்திரிக்கு நாலு படம் வரும்.

என்லார்ஜர் பின்னால் கிடைத்தால் அதைக் குளியலறைக்குள் கொண்டுவராதீர்கள். ஈரக் கையும் கரண்டும் சேரக் கூடாது. பக்கத்து அறையில் வைத்து, வெளிச்சம் காட்டிய பேப்பரை ஒரு கறுப்புக் கவரில் போட்டு எடுத்து வாருங்கள்.

போர் தண்ணீரில் கழுவலாமா?

அலசுவதற்குச் சரி. கலக்குவதற்கு மேட்டூர் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் எடுங்கள். உப்புத் தண்ணீரில் சோடியம் கார்பனேட் போட்டதும் சுண்ணாம்பு பிரிந்து கலங்கும். படத்தைக் கெடுக்காது, ஆனால் காய்ந்ததும் மேலே வெள்ளைப் பொடி படியும். கடைசி அலசல் மட்டுமாவது கேன் தண்ணீரில் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பருக்கு இரண்டு மூன்று நிமிட ஓடும் தண்ணீர் போதும். பைபர் பேப்பருக்கு ஒரு மணி நேரம் சொல்வார்கள், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அப்படிக் குழாயைத் திறந்துவிட மனம் வராது. லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் டிரேயில் தண்ணீர் நிரப்பி ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கொட்டுங்கள், எட்டுப் பத்து தடவை. குறைந்த தண்ணீரிலேயே ஹைப்போ நன்றாக வெளியேறிவிடும்.

ஏற்காட்டில் இருக்கிறேன், ஏதாவது மாற்ற வேண்டுமா?

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், சூட்டுப் பிரச்சினை உங்களுக்கு இல்லை. டிசம்பரில் தண்ணீர் 20 டிகிரிக்கும் கீழே போய்விடும், ஹைட்ரோகுயினோன் மந்தமாகிப் படம் சோகையாக வரும். அப்போது டப்பில் வெந்நீர் ஊற்றுங்கள், ஐஸுக்குப் பதில்.

உங்கள் தொல்லை ஈரம். மழைக்காலத்தில் படம் இரண்டு நாள் ஆனாலும் காயாது, காயாத படத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆர்சி பேப்பரைக் கொடியில் கிளிப் போட்டு, ஃபேன் காற்றில் விடுங்கள். பைபர் பேப்பரைக் கொசுவலை கட்டிய சட்டத்தில் விரித்துக் காயவையுங்கள், சுருண்டால் இரண்டு நாள் கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். கழுவாத பேப்பரைச் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பிரிட்ஜில் வைத்திருந்தால் எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், சில மணி நேரம் வெளியே கிடந்து சூடு சமமான பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் பேப்பர்மேல் வியர்க்கும்.

மூடிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து பழைய பேப்பர் கிடைத்தது. பிரயோஜனம் உண்டா?

ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ (Indu) பிராண்ட் பேப்பர் பாக்கெட்டாக இருக்கலாம், நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் ஒரு காலத்தில் ஓடியது அதுதான். 1960இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, இனி வரப்போவதில்லை, அதனால் தூக்கிப் போட வேண்டாம். ஒரு துண்டை வெளிச்சம் காட்டாமலே கழுவிப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் அதிர்ஷ்டம். லேசான சாம்பல் என்றால் டெவலப்பரில் பொட்டாசியம் புரோமைடைக் கொஞ்சம் கூட்டினால் தெளியும். கறுப்பாகவே வந்தாலும் ஒரு உபயோகம் இருக்கிறது: இலைகளை அதன்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் விடுங்கள். டெவலப்பரே இல்லாமல் ஊதா, செம்பழுப்பு என்று நிறம் வரும். ஹைப்போவில் போட்டால் நிறம் மங்கும் என்பதால் முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

ஒரு விஷயத்துக்குக் கட்டாயம் பயப்பட வேண்டும்: மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது. டெவலப்பர் பழசானால் டீ நிறத்துக்கு வரும், குழந்தை எடுத்துக் குடித்துவிடும், ஹைட்ரோகுயினோன் விஷம். தனி கேன், பெரிய எழுத்தில் பெயர், தேதி, விஷம் என்ற வார்த்தை, பூட்டிய அலமாரி. தூளை நிறுக்கும்போது முகமூடி. ஹைப்போ புளிப்பாகி கந்தக வாடை அடித்தால் வெளியே வந்து காற்று வாங்குங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் மூடிய அறையில் தொடர்ந்து அரை மணிக்குமேல் இருக்க வேண்டாம்.

பழைய ஹைப்போவை எங்கே கொட்டுவது?

கொட்டக் கூடாது. பேப்பரில் படமாகாத வெள்ளி முழுவதும் கரைந்து அதில்தான் இருக்கிறது. செப்டிக் டேங்கில் ஊற்றினால் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், சாக்கடையில் விட்டால் யாருடைய கிணற்றுக்கோ போய்ச் சேரும். ஒரு கேனில் சேர்த்து வையுங்கள். தீர்ந்துவிட்டதா என்று பார்க்க, வெளிச்சம் பட்ட பிலிம் துண்டு ஒன்றைப் புது ஹைப்போவில் போட்டு எத்தனை நொடியில் தெளிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைப்போல இரண்டு மடங்கு நேரம் பிடித்தால் மாற்ற வேண்டியதுதான்.

சேர்த்த கேனில் ஸ்டீல் உல் (இரும்பு இழைப் பஞ்சு) போட்டு ஓரிரு வாரம் விட்டால், இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் தங்கும். கொலுசுக்குப் பேர்போன ஊர் இது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளி வேலை செய்பவர்களை விசாரித்தால், எக்ஸ்ரே பிலிமிலிருந்து வெள்ளி பிரிப்பவர்களைப் பற்றிச் சொல்வார்கள். உங்கள் ஒரு கேனில் கிடைப்பது சொற்பம்தான், காசு எதிர்பார்க்காமல் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

போட்ட படம் எத்தனை வருஷம் இருக்கும்?

ஹைப்போவில் முழு நேரம் இருந்து, நன்றாக அலசிய பைபர் பேப்பர் நூறு வருஷம் தாண்டும். எங்கள் வீட்டில் தாத்தாவின் கல்யாணப் படம் இன்னும் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. அதே அலமாரியில், அவசரமாக அலசிய வேறு படங்கள் மஞ்சள் பாய்ந்து ஓரம் வெளுத்துவிட்டன. இரண்டும் ஒரே ஊர்த் தண்ணீர்தான், ஒன்றைக் கழுவியவர் நின்று அலசியிருக்கிறார்.

படம் காய்ந்ததும் பின்பக்கத்தில் யார், எங்கே, எந்த வருஷம் என்று மெல்லிய பென்சிலால் எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். ஆர்சி பேப்பரில் பென்சில் சரியாகப் பிடிக்காது, அதற்கு மெல்லிய மார்க்கர் எடுங்கள், மை முழுக்க உலர்ந்த பிறகே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.